நீ திருப்பி வைத்த சீட்டுகள்

தம்பிக்கு, அப்பா எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரில் உன் நிச்சயம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, உன் மாமனாராகப் போகிறவர் என் பக்கம் சாய்ந்து ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள ஏதோ சீட்டு வச்சுப் பாக்குறாராமே சம்பந்தி, பொண்ணு சொல்லுச்சு. அது என்னா?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை, கொஞ்சம் பயம்தான் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் மெட்ராஸ்ல சும்மா பொழுதுபோக்குக்குப் பழகினது, இப்ப உட்டுட்டான்" என்றேன். எதிர் வரிசையில் நீ இருந்தாய். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த உன் கை சற்று நின்றது. பிறகு தலையைத் தூக்காமலேயே சாப்பிட்டு முடித்தாய். காரில் சிதம்பரம் திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டியதும் தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் சொன்னது பொய். நீ அதை விடவும் இல்லை, அது பொழுதுபோக்கும் இல்லை. நாலு பேருக்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவருக்குப் போன் போட்டு, நேற்று நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், பையன் அதை விடவில்லை, அது என்ன என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். மனிதர் குழம்பிப்போனார். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் தருகிறேன். நீ படித்த பிறகு உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கொடு, அவள் அப்பாவிடம் கொடு, வேறு யார் கேட்டாலும் கொடு. இதில் உன் அக்காவின் கதை நிறைய வருகிறது. அவளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "அப்புடி இல்லப்பா" என்று திருத்தினாள். பிறகு கொடுக்கலாம் என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் நீ அந்த டாரட் சீட்டுக் கட்டை முதன்முதலாக நம் மோட்டார் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாய். நான் ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் இறக்கிக்கொண்டிருந்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து, சாயம் போன ஒரு துணியை விரித்து, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கிளி எங்கடா, வாங்கலையா?" என்று கேட்டேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்து, "கிளி நான்தாம்பா" என்றாய். அந்தப் பதிலை அன்றைக்கு விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். உன் ஆபீசில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய சமயத்தில், இருப்பதா போவதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல் கிடந்தாய் என்பதும், கூட வேலை பார்த்த ஒரு பெண் இந்தக் கட்டைக் கொடுத்து, "விடை இதுல இல்ல, ஆனா நீ உனக்குள்ள என்ன பேசிக்கிட்டு இருக்கேன்னு கேக்கும்" என்று சொன்னாள் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது. நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கிளியைக் கேட்டவனிடம் எந்தப் பிள்ளை போய்ச் சொல்லும்?

உன் சீட்டு வேலையை நான் முதலில் சரியாகப் பார்த்தது உன் அம்மாவின் முழங்கால் மூட்டு விஷயத்தில். டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். ஐப்பசி மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், தண்ணீர் வராத வாரம். நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். நீ ஒரு சாயங்காலம் அவள் முன்னால் கட்டை நீட்டி, ஒன்று எடுக்கச் சொன்னாய். மலை உச்சியில் ஒரு கிழவர் கையில் விளக்கோடும் கம்போடும் நிற்கிற படம் வந்தது.  "இதுல என்னாம்மா பாக்குற?" என்று மட்டும் கேட்டாய். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த ஆளுக்குத் துணைக்கு ஒருத்தரும் இல்ல. ஆனா கம்பு இருக்குது, அவரே நிக்கிறாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என்னைய யாரும் குளிப்பாட்டி உடக் கூடாது" என்றாள். எட்டு மாதமாக அவள் பயந்தது கத்திக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் இன்னொருவர் கையில் கிடக்க வேண்டுமே என்றுதான் பயந்திருக்கிறாள். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த எனக்கு அது தெரியவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தோம், உட்காரப் பலகை வைத்தோம், அடுத்த மாதமே ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக நடக்குமா என்று அவள் சீட்டிடம் கேட்கப் போனபோது, "அத டாக்டர்கிட்ட கேளும்மா, இது சொல்லாது" என்று நீ தடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கிள்ளையிலிருந்து இறால் குட்டைக்குக் காற்று அடிக்கிற மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவருவாரே ஒருவர், அவர் உன்னிடம் கேட்டதையும் நான் மறக்கவில்லை. அவரிடம் ஒரு ஃபைபர் படகும் இருந்தது. படகை வித்துவிட்டு முழுசாக இறாலுக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "பாத்து சொல்லு தம்பி, வித்தா நல்லாருக்குமா?" என்றார். நல்லாயிருக்கும் என்று சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பார். நீ, "அது எனக்குத் தெரியாது மாமா, இந்தச் சீட்டுக்கும் தெரியாது. விக்கணும்னு நெனைக்கிறப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள என்னா வருதுன்னு வேணா பாக்கலாம்" என்றாய். ஒரே ஒரு சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முக்கால் மணி நேரம் பேசினார். சீட்டில் என்ன படம் என்று கூட எனக்குத் தெரியாது. அவருடைய அண்ணனைப் பற்றிப் பேசினார், சுனாமிக்குப் பிறகு கடலுக்குள் முதல்முறை போன நாளைப் பற்றிப் பேசினார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். படகை வித்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது உன்னைத்தான் விசாரித்தார். "அந்தப் புள்ள எப்ப வரும்? காது குடுத்து கேக்குது" என்றார்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பந்தியில் நான் அப்படிச் சொன்னேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. உன் சீட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது என் கதைக்கு வந்து நிற்கும். அந்தக் கதையை அன்று அந்த வீட்டில் உன்னையும் அக்காவையும் அம்மாவையும் தவிர வேறு யாரும் அறிந்திருக்கவில்லை.

உன் அக்கா பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்து முடித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நண்டுக்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் வித்தியாசம் சொல்லித் தருகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் நம் எல்லோரையும் படுத்தி எடுப்பாளே. அவளுக்குக் கோவாவில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை ஒன்று கிடைத்தது. அதே மாதம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வரனும் வந்தது. சொந்த வீடு, பாத்திரக்கடை, ஒரே பையன், குடிக்கிற பழக்கம் கிடையாது. அவள் கோவாவுக்குத்தான் போவேன் என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து என்னிடம் படித்தாள். என்னிடம் பயம்தான் இருந்தது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, இரண்டு வருஷம் போய்விட்டால் இப்படி ஒரு இடம் மறுபடி அமையுமா என்ற பயம். பயமாக இருக்கிறது என்று பெற்ற மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால், அம்மனைக் கேட்டுவிடலாம் என்றேன்.

கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் நம் அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்ப்பது உனக்குத் தெரியும். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் கடலூர், சிவப்பு வந்தால் கோவா என்று நான்தான் சொன்னேன். பொட்டலம் கட்டியதும் நான்தான். கோயிலுக்குப் பின்னால், கைகழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் நின்று, வாழை இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையை மடித்து நாரால் கட்டினேன். இரண்டாவது துண்டிலும் நந்தியாவட்டையைத்தான் வைத்தேன். கையில் இருந்த செவ்வரளியை வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். வழக்கமாக யாராவது சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். நான், "அவ வாழ்க்க, அவளே எடுக்கட்டும்" என்றேன். எல்லோருக்கும் அது பெரிய மனசாகத் தெரிந்தது. அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மற்றதை நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் அந்த வெள்ளைப் பூவைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அந்த வாரமே புத்தகங்களையெல்லாம் ஜூனியர் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

கடலூர் மாப்பிள்ளை அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அவர் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் ஒரு வாரம் பேச்சு இல்லை. அம்மா வீட்டுக்கு ஒரு நாள் கூடுதலாக வந்துவிட்டால் இருபது நாள். என்ன தப்பு என்றும் சொல்லமாட்டார். அவளாகக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்டுபிடித்தது தப்பாக இருந்தால் இன்னும் பத்து நாள். அவள் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் நாம் பேசுவதற்கு முன்னால் நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நீ அதைக் கவனித்து ஒருமுறை என்னிடம் கேட்டாய். நான் உன்னை அதட்டினேன். உன் அம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தால், ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும். "யாரையும் சொல்றதுக்கு இல்லம்மா. என் கையால எடுத்தது." நான் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். எட்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறையாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போயிருக்கலாம்.

போன வருஷம் மார்கழியில் அவள் குழந்தையோடும் இரண்டு பையோடும் வந்தாள். அந்த முறை பேச்சு நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. தை பிறப்பதற்குள் வந்துவிடச் சொல்லி மாமியார் ஆள் அனுப்பினார்கள். அதே நேரம் கூடப் படித்த ஒருத்தி, கிள்ளைப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற ஒரு பண்ணையில் தண்ணீர் சோதிக்கிற லேபுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னாள். அக்கா ஒரு நாள் பையைக் கட்டுவாள், மறுநாள் பிரிப்பாள். நீயும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாய். ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா, மறுபடியும் அம்மனிடமே போய்ப் பூ கட்டிக் கேட்கலாம் என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அக்கா, "வேணாம்மா. என் கை சரியில்ல" என்றாள்.

நீ உள்ளே போய்க் கட்டை எடுத்துவந்து பாயில் வைத்தாய். அவள் இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "இதுவும் வேணாண்டா. நான் எதையும் எடுக்க மாட்டேன். எடுத்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றாள். நீ அவளை வற்புறுத்தவில்லை. சமாதானம் சொல்லவும் இல்லை. கட்டை எடுத்து, எழுபத்தெட்டுச் சீட்டையும் ஒவ்வொன்றாகப் படம் தெரியும்படி திருப்பி, பாய் முழுக்க வரிசையாக வைத்தாய். பாய் போதாமல் தரையிலும் வைத்தாய். "கண்ண மூடிக்கிட்டு எடுக்க வேணாங்க்கா. எல்லாம் தெரியுது பாரு. பாத்தே எடு. புடிக்கலன்னா திருப்பி வச்சுடு" என்றாய்.

தம்பி, நான் முப்பது வருஷமாக மோட்டார் பிரித்துப் பார்க்கிறவன். எங்கே எரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் வேலை. நீ அன்று அவளிடம் எரிந்துபோன இடத்தை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாய். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும், போவதா இருப்பதா என்பதுதான் அவள் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்பது உனக்குத்தான் தெரிந்தது. அதற்கு உன் சீட்டு விளையாட்டின் விதியையே நீ மாற்றினாய். சீட்டு பெரிசு என்று நினைக்கிறவன் அதைச் செய்ய மாட்டான்.

அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து ஒன்றை எடுத்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கத்தியை நெஞ்சுக்குக் குறுக்காகப் பிடித்திருக்கிற ஒரு பெண். "இது நான்" என்றாள். "எத்தன நாளா இப்புடி உக்காந்திருக்கா?" என்று நீ கேட்டாய். அவள், அவர் கடைசியாகப் பேசிய நாளிலிருந்து என்று சொல்ல ஆரம்பித்து, இல்லை, அதற்கும் முன்னால் என்றாள். இரண்டாவதாக, அடுக்கி வைத்த கோப்பைகளை விட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிற ஒரு ஆளின் படத்தை எடுத்தாள். அதைப் பற்றியும் பேசினாள். மூன்றாவதுக்குக் கையை நீட்டினாள். கை பாய்க்கு மேலே அந்தரத்தில் நின்றது. எடுக்க முடியவில்லை. "எடுத்தா மறுபடியும் நான் எடுத்ததா ஆயிடும்" என்றாள். நீ காத்திருந்தாய்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. "ரெண்டுலயும் வெள்ளதான் பாப்பா" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். குழாயடியை, வேலியை, சட்டைப் பையை.  அக்கா என்னைப் பார்த்து, "அப்ப நான் எடுக்கல?" என்று கேட்டாள். "நீ எடுக்கல. உனக்கு எடுக்க நான் எதையும் வைக்கல" என்றேன். அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. உன் அம்மா என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னும் எத்தன பொட்டலம் கட்டி வச்சிருக்கீங்க?" என்று.  அப்படி வேறு இல்லை என்றாலும், இல்லை என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்கா திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைக்காமலேயே வந்திருந்தாள். "எல்லாத்தையும் மூடி கலைச்சு வைடா. இப்ப எடுக்குறேன்" என்றாள். நீ கலைத்து வைத்தாய். அவள் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். இடி விழுந்து இடிகிற ஒரு கோபுரமும் தலைகீழாக விழுகிற ஆட்களுமாக இருந்தது அந்தப் படம்.  போயும் போயும் இதுவா வரவேண்டும் என்று நினைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்ட சிரிப்பு. "இடி உழுந்தாச்சு. இனிமே இந்தக் கட்டடத்துக்குப் பயப்பட வேணாம்" என்றாள். அதே சீட்டு எனக்கு வந்திருந்தால் நான் பரிகாரம் தேடி அலைந்திருப்பேன்.

அன்றைக்கே அவள் கிள்ளைக்குப் போன் போடுகிறேன் என்றாள். நீதான் நிறுத்தினாய். "இன்னைக்கு வேணாங்க்கா. இப்ப போட்டா அது அப்பா மேல இருக்குற கோவம் போட்ட போனா ஆயிடும். கோவம் கொஞ்சம் அடங்கட்டும், அப்பறமும் இதேதான் தோணுச்சுன்னா போடு" என்றாய். நான் உன்னிடம் அதிகம் வியந்தது இதைத்தான். அவள் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று உனக்கு ஒரு ஆசை இருந்திருக்கும், எனக்குத் தெரியும். நீ அவள் தம்பி. உன் ஆசைப்படி அவள் நகர்ந்த நேரத்தில் அவளை நிறுத்தி வைக்க உன்னால் முடிந்தது. என்னால் முடியாதது அதுதான்.

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போய் மாப்பிள்ளையிடம் நேரிலேயே சொன்னாள். நான் வேலைக்குப் போகப்போகிறேன், உங்களோடு வாழவும் தயார்தான், ஆனால் கோபம் வந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் அதற்கும் பேசவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு இருவரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வரும் வழியில் அக்கா ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினாள் என்று உன் அம்மா சொன்னாள். இப்போது வக்கீல் மூலமாகப் பேச்சு நடக்கிறது. குழந்தை இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா தினமும் கிள்ளை பஸ்ஸில் போய்வருகிறாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவதுதான் வேலை, அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் எங்களைப் படுத்தி எடுக்கிறாள்.

என்னை அவள் மன்னித்தாளா என்று உனக்குத் தோன்றலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் என்னிடம் வந்து, "கொஞ்ச நாள் ஒங்ககிட்ட பேச முடியாதுப்பா. தண்டிக்கிறதுக்கு இல்ல. எனக்கு வரல. வந்தா பேசுவேன்" என்றாள். எட்டு வருஷம் மௌனத்தில் அடிபட்டவள், தான் பேசாமல் இருக்கப்போவதைக் கூட என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தாள். மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான் கடையில் கட்டிய காயில் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. ஒரு நாள் காலையில் அவளாகவே, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அது தீர்ந்துவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை.

உன் மாமனாருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். உங்கள் மாப்பிள்ளை ஜோசியம் பார்ப்பதில்லை. படம் ஒன்றை முன்னால் வைத்து, மனிதர்கள் தங்களுக்கே சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லவைக்கிறான். அந்தக் காலத்தில் என்னிடம் யாராவது அப்படி ஒரு படத்தை நீட்டி, இதில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டிருந்தால், ஒருவேளை நானும் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். என் மகளுக்கு எட்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

உன்னிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ எல்லோரையும் கேட்கிறாய், உன்னை யார் கேட்கிறார்கள்? ஆபீஸ் விஷயத்தில் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தவன் வீட்டுக்கு ஒரு போன் போடவில்லையே. பந்தியில் உன் மனசு நொந்ததைக் கூட நீ கண்ணை மூடித்தான் மறைத்தாய். நாளைக்கு உங்கள் இருவருக்கும் நடுவில் பெரிய முடிவு ஒன்று வரும்போது, கட்டை அவள் கையில் கொடு. அவள் சீட்டை நீட்டட்டும், அவள் கேட்கட்டும், நீ பதில் சொல். அவள் கேட்காமல் நீ அவளுக்குச் சீட்டு எடுக்காதே. கோபம் வந்தால் கோபம் என்று சொல், பயம் வந்தால் பயம் என்று சொல். அதை எந்தச் சாமி மேலும் ஏற்றி வைக்காதே, சீட்டு மேலும் ஏற்றி வைக்காதே. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று உனக்குத் தோன்றினால், தகுதி இல்லாதவன் பட்டுச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்.

முந்தாநாள் அக்கா வேலை முடிந்ததும் என்னைக் கிள்ளைக்கு வரச் சொல்லிப் போன் பண்ணினாள். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம், குழந்தைக்கு நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் காட்டினாள். பிறகு நடுக்கூடத்தில் நின்று, "நீங்க என்னாப்பா நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள். கோவா போன பிறகு, இல்லை, போகாமல் போன பிறகு, அவள் என்னிடம் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்குப் புயல் ஞாபகம் வந்தது, கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று தோன்றியது, தனியாக ஒரு பெண்ணும் குழந்தையும் என்று ஊர் பேசுவது காதில் கேட்டது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, ஒயரிங் பழசு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நான் கரண்ட் வேலை பார்க்கிறவன்.

"வீட்ல ஒரு கொறையும் இல்ல பாப்பா. எனக்குத்தான் பயமா இருக்கு" என்றேன்.

அவள், "தெரியும்பா. பயந்துகிட்டே கூட வாங்க. வீட்டுக்காரர் தெருமுனையிலதான் இருக்காரு, போயி சாவி வாங்கிட்டு வந்துடுவோம்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் போனேன்.

அன்புடன்,
அப்பா